எண்ணெய் கலந்த ஏரியில் நத்தை பார்ப்பது எப்படி?

ஏரிக்குள் வந்து விழும் வாய்க்காலின் ஓரத்தில் இரண்டு மெக்கானிக் ஷெட், பக்கத்திலேயே ஒரு வாட்டர் சர்வீஸ். இந்தக் காட்சி இல்லாத ஊர் இன்று குறைவு. லாரி கழுவிய தண்ணீரும் வண்டியிலிருந்து இறக்கிய பழைய ஆயிலும் எங்கே போகின்றன என்று கேட்டால் யாரும் நேராகப் பதில் சொல்ல மாட்டார்கள். பகலில் போய்ப் பார்த்தால் தண்ணீர் சுத்தமாகத்தான் தெரியும். ஊற்றுவது ராத்திரியில், அதுவும் மழை பெய்கிற ராத்திரியில்.

பாட்டிலில் தண்ணீர் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினால், பிடித்த நிமிடத்தில் அது எப்படி இருந்தது என்பது மட்டும் தெரியும். நத்தை அப்படியில்லை. மாதக்கணக்கில் அதே கரையில் கிடக்கிறது. மீனைப் போல நீந்தித் தப்பவும் முடியாது. போன மாதம் ஊற்றியதும் முந்தாநாள் ஊற்றியதும் அதன் உடம்பில் ஏதோ ஒரு தடம் விட்டுத்தான் போகும். அந்தத் தடத்தைப் படிக்க ஆய்வகம் வேண்டாம். ஒரு சல்லடை, ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு நோட்டு, அப்புறம் கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

வலையைத் தொடுமுன்: மூச்சுக் கணக்கு

புதிதாக வருகிறவர்கள் எத்தனை நத்தை இருக்கிறது என்று எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒரு வருஷம் போன பிறகுதான், எது எப்படி மூச்சு விடுகிறது என்று பார்க்காமல் எண்ணுவது வீண் வேலை என்று புரிந்தது.

குளத்து நத்தைகளை இரண்டு கட்சியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று செவுள் கட்சி. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். ஓட்டின் வாயில் ஒரு மூடி இருக்கும். தொட்டால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். பெரும்பாலும் அடிச்சேற்றிலும் கல்லிலும் கிடக்கும். இன்னொன்று காற்றுக் கட்சி. உடம்புக்குள் நுரையீரல் போல ஒரு பை. அடிக்கடி நீர்மட்டத்துக்கு ஏறி வந்து காற்றை நிரப்பிக்கொண்டு இறங்கும். இவற்றுக்கு மூடி கிடையாது.

எண்ணெயிலும் இரண்டு குணம் உண்டு. பெட்ரோல், டீசல் போன்ற லேசானவை மேலே படலமாகப் பரவும். ஒரு பகுதி ஆவியாகும், ஒரு பகுதி தண்ணீரில் கரையும். அசாமில் 2020 மே 27 அன்று பாக்ஜன் எரிவாயுக் கிணறு வெடித்துப் பீறிட்டபோது, பக்கத்தில் இருந்த மகுரி மோட்டாபுங் என்ற நன்னீர் ஏரியின் மேல் படிந்தது இப்படிப்பட்ட லேசான எண்ணெய்தான். கனமான எண்ணெயின் கதை வேறு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2010 ஜூலையில் ஒரு குழாய் வெடித்து, ஏறத்தாழ 32 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெய் கொட்டியது. அது கலமாஸூ ஆற்றில் கலந்து, அதில் ஒரு பகுதி மிதக்காமல் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. அடிமண்ணைத் தோண்டி எடுக்க வருஷக்கணக்கில் வேலை நடந்தது. நம் வாய்க்காலில் விழும் கறுத்த எஞ்சின் ஆயிலும் மண்துகளோடு ஒட்டிக்கொண்டு மெல்ல அடியில் சேர்கிற ரகம்தான்.

இப்போது இரண்டையும் பொருத்திப் பாருங்கள். மேலே புதிய படலம் இருந்தால், காற்றுக்காக ஏறி வருகிற நத்தை நேராக அதில்தான் மூக்கை நீட்டுகிறது. சேற்றில் பழைய எண்ணெய் இருந்தால், அதிலேயே ஊர்ந்து அதையே மேய்கிற செவுள் நத்தைக்குத்தான் முதல் அடி. எந்தக் கட்சி காணாமல் போனது என்று தெரிந்தால், எண்ணெய் எங்கே இருக்கிறது என்று ஊகிக்கலாம். கீழே வருவதெல்லாம் இந்த ஒரு கணக்கைச் சரியாகப் போடுவதற்கான வழிகள்தான்.

இடம் தேர்வு

குறைந்தது மூன்று இடம் வேண்டும். எண்ணெய் விழும் இடம் என்று நீங்கள் சந்தேகப்படுவது ஒன்று. வாய்க்காலில் அதற்கு மேலே, தண்ணீர் வரும் பக்கமாக ஒன்று. அதைத் தாண்டி ஏரிக்குள், ஐம்பது நூறு அடி தள்ளி ஒன்று. முடிந்தால் அதே ஊரில் வாகனத் தண்ணீர் எட்டாத இன்னொரு குளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று இடமும் மற்றபடி ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்றில் கல் படித்துறை, இன்னொன்றில் ஆகாயத்தாமரை மண்டிய சேறு என்றால் ஒப்பிடவே முடியாது. முழங்கால் ஆழம், கொஞ்சம் செடி, கொஞ்சம் சேறு. அதையே எல்லா இடத்திலும் தேடுங்கள்.

எண்ணூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் வந்து பக்கிங்காம் கால்வாயிலும் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்திலும் படிந்தது. அங்கே இருப்பது உப்பு கலந்த தண்ணீர். வாழும் நத்தைகளும் வேறு. இந்த வழிகாட்டியை அங்கே கொண்டுபோய் வைத்துப் பார்த்தால் தப்பான பதில்தான் வரும். கிணற்றுக்கும் இது ஆகாது. யாழ்ப்பாணத்தில் சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது போன்ற நிலத்தடி விவகாரத்தில் நத்தை சாட்சி சொல்ல வராது. தண்ணீரைச் சோதிப்பது ஒன்றுதான் வழி.

எப்போது போவது

காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள். வெயில் ஏறினால் நத்தைகள் செடிக்கு அடியில் போய்விடும். பெருமழை பெய்த வாரத்தில் போகாதீர்கள். வெள்ளம் அடித்துக்கொண்டு போனதை எண்ணெய் கொன்றது என்று எழுதிவிடுவீர்கள். கோடையில் தண்ணீர் வற்றும்போது ஊமச்சி என்று சொல்கிறோமே, அந்தப் பெரிய நத்தை சேற்றுக்குள் இறங்கி மூடியைச் சாத்திக்கொண்டு மாதக்கணக்கில் தூங்கும். அதைச் செத்த கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, குறைந்தது மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு எதையும் சொல்ல முடியாது.

கையில் என்ன இருக்க வேண்டும்

ரப்பர் பூட்ஸும் நீளமான ரப்பர் கையுறையும் கட்டாயம். எண்ணெய்க்காக மட்டும் சொல்லவில்லை. தட்டையாகச் சுருண்ட நத்தை ஒன்று நம் குளங்களில் சர்வசாதாரணம். இண்டோபிளானார்பிஸ் என்று பெயர். அது மாட்டைப் பிடிக்கும் ஒரு புழுவுக்கு இடைத்தங்கல் வீடு. அந்தப் புழுவின் குஞ்சுகள் தண்ணீரில் நீந்தி வந்து நம் தோலைத் துளைத்தால், இரண்டு நாளைக்குச் சொறிந்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

வலைக்கு, கெட்டிக் கம்பியை வளைத்துக் கொசுவலை தைத்துக்கொள்ளலாம். சேறு அலச மாவுச் சல்லடை. பார்க்க வெள்ளை பிளாஸ்டிக் தட்டு. பிவிசி குழாய்த் துண்டு நான்கை மாட்டி, பக்கத்துக்கு 50 சென்டிமீட்டர் வருகிற சதுரச் சட்டம் ஒன்று. கைலென்ஸ். எழுதப் பென்சில். பேனா வேண்டாம், நனைந்தால் அழிந்துவிடும். நத்தையை வைக்கச் செம்பு, பித்தளைப் பாத்திரம் எடுத்துப் போகாதீர்கள். செம்பு நத்தைக்கு விஷம். நத்தையைக் கொல்லவே செம்பு உப்பான மயில்துத்தம் தெளிப்பது உண்டு.

கரையில் நின்று பார்ப்பது

இறங்கும் முன் ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். நீர்மட்டத்தில் வானவில் நிறம் தெரிகிறதா? தெரிந்தால் உடனே ‘எண்ணெய்!’ என்று கத்தாதீர்கள். நான் கத்தியிருக்கிறேன். நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிய பிறகு, கூட வந்த பெரியவர் ஒருவர் குச்சியை எடுத்து அந்தப் படலத்தைக் கிழித்தார். கண்ணாடி உடைந்த மாதிரி துண்டு துண்டாகப் பிரிந்து அப்படியே நின்றது. “இது துரு தம்பி, எண்ணெய் இல்ல” என்றார். இரும்புச் சத்துள்ள தண்ணீரில் வாழும் பாக்டீரியா கட்டுகிற ஏடு அது. எண்ணெய்ப் படலமாக இருந்தால் குச்சி போன கையோடு திரும்ப ஒன்றுசேர்ந்துவிடும், சுழன்று நெளியும். குச்சிச் சோதனையை முதல் வரியிலேயே நோட்டில் எழுதுங்கள்.

அடுத்து, கரையோரச் செடித் தண்டுகளைப் பாருங்கள். நீர்மட்டத்துக்கு மேலே நத்தைகள் கூட்டமாக ஏறி ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா? ஒன்றிரண்டு ஏறுவது சகஜம். கூட்டமாக ஏறினால் தண்ணீரில் ஏதோ சரியில்லை. அதையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

தேடுவது, எண்ணுவது

சட்டத்தைத் தண்ணீரில் போட்டு, அதற்குள் இருக்கும் செடி, கல், இரண்டு விரற்கடை ஆழச் சேறு எல்லாவற்றையும் அள்ளிச் சல்லடையில் அலசுங்கள். ஓர் இடத்தில் இப்படி மூன்று முறை. அதன் பிறகு பத்து நிமிடம், செல்போனில் அலாரம் வைத்துக்கொண்டு, கையால் சுற்றித் தேடுங்கள். எல்லா இடத்திலும் அதே பத்து நிமிடம், தேடுவதும் அதே ஆள். கூர்மையான கண் உள்ள பிள்ளை ஓர் இடத்திலும் நீங்கள் இன்னோர் இடத்திலும் தேடினால், கடைசியில் நீங்கள் அளந்தது கண்பார்வையைத்தான்.

காலி ஓட்டை உயிருள்ள நத்தையோடு சேர்க்கவே கூடாது. காலி ஓடு வருஷக்கணக்கில் சேற்றில் கிடக்கும். அது எப்போது செத்தது, எதனால் செத்தது என்று யாருக்குத் தெரியும்? உள்ளே சதை மிச்சம் இருந்து, மூடி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் அது புதுச் சாவு. அதற்கு மட்டும் தனிப் பத்தி போடுங்கள்.

அடையாளம் காண்பது

முதலில் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு உருவம்.

மூடி உள்ளவற்றில் கோபுரம் மாதிரி நீளக் கூம்பாக, விரல்நுனி அளவில் இருப்பது மெலனாய்டிஸ். பகலில் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். சல்லடை போடாமல் கண்ணில் படாது. ஆண் இல்லாமலே பெண் குட்டி போடும் என்பதால் ஒன்று வந்தால் போதும், குளம் நிறைந்துவிடும். இது கொஞ்சம் முரட்டு ஜீவன். இருக்கிறது என்பதற்காகத் தண்ணீர் சுத்தம் என்று சொல்ல முடியாது. ஆனால் சேறு நிறைய இருந்த இடத்தில் இது காணாமல் போனால் அலட்சியப்படுத்தாதீர்கள். உருண்டு திரண்டு, பச்சை கலந்த பழுப்பில் கோடு ஓடினால் பெல்லாமியா. இதுவும் முட்டையிடாமல் குஞ்சாகவே ஈனும். செவுள் நத்தைகளில் நம்பி எடுத்துக்கொள்ளக்கூடிய சாட்சி இதுதான் என்பது என் கட்சி.

எலுமிச்சை அளவுக்கும் மேலே வளரும் ஊமச்சி, அதாவது பைலா, இரண்டு கட்சியிலும் கால் வைத்திருக்கிறது. அதற்குச் செவுளும் உண்டு, காற்றுப் பையும் உண்டு. மூடியும் இருக்கும். சமாளித்துக்கொள்ளும் என்பதால் கணக்கில் அதைத் தனியாக வையுங்கள்.

மூடி இல்லாதவற்றில், கயிற்றைச் சுருட்டி வைத்த மாதிரி தட்டையாக இருப்பது முன்னே சொன்ன இண்டோபிளானார்பிஸ். அதன் ரத்தம் சிவப்பு. மெல்லிய ஓடும் அகன்ற வாயுமாக இருப்பது லிம்னியா. அதைப் போலவே சிறியதாக, ஆனால் சுருள் எதிர்ப்பக்கம் போனால் ஃபைசா. கூர் முனையை மேலே பிடித்து வாயை உங்கள் பக்கம் திருப்புங்கள். வாய் வலது பக்கம் வந்தால் லிம்னியா, இடது பக்கம் வந்தால் ஃபைசா. ஃபைசா வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியது, சாக்கடையிலும் பெருகும்.

தட்டில் வைத்துப் பார்ப்பது

உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பதைவிட எப்படி இருக்கிறது என்பது முக்கியம். எண்ணெயில் கரைந்து வரும் பென்சீன், டொலுவீன் வகையறாக்கள் குறைந்த அளவிலேயே நத்தையை மயக்க மருந்து கொடுத்த மாதிரி ஆக்கிவிடும். பிடி தளரும், செடியிலிருந்து கழன்று விழும், தொட்டால் பதில் மந்தமாக வரும்.

ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஒரே இனத்தில், ஒரே அளவில் பத்து நத்தை எடுங்கள். சுத்தமான குளத்துத் தண்ணீரில் வைத்துப் பத்து நிமிடம் ஆட்டாமல் விடுங்கள். குழாய்த் தண்ணீர் ஊற்ற வேண்டாம், குளோரின் இருக்கும். தலை நீட்டி நகர ஆரம்பித்த பிறகு ஒவ்வொன்றின் கொம்பையும் ஈர்க்குச்சியால் ஒருமுறை தொட்டு, உள்ளே போனது திரும்ப வெளியே வர எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இத்தனை விநாடிதான் சரி என்று ஒரு பொது அளவு கிடையாது. உங்கள் மேல்வாய்க்கால் நத்தைதான் உங்கள் அளவுகோல். பத்தில் ஏழெட்டு கீழிடத்தில் தெளிவாக மந்தமாக இருந்தால்தான் அதற்கு அர்த்தம் உண்டு.

முட்டை

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. நத்தை தாக்குப்பிடித்தாலும் முட்டை தாக்குப்பிடிக்காது என்பதால் இங்கேதான் சேதி சீக்கிரம் வரும். அல்லி இலையைத் திருப்பிப் பாருங்கள். ஜவ்வரிசிக் கஞ்சி சிந்திய மாதிரி, கண்ணாடி போன்ற கூழுக்குள் புள்ளி புள்ளியாக இருந்தால் அது காற்றுக் கட்சி நத்தைகளின் முட்டைக்கொத்து. இலைத்துண்டோடு வெட்டி எடுங்கள். சுத்தமான இடத்திலிருந்து எடுத்த கொத்துகளையே இரண்டு கண்ணாடிக் குடுவையில் பிரித்துப் போட்டு, ஒன்றில் மேல்வாய்க்கால் தண்ணீர், மற்றதில் சந்தேகமான தண்ணீர் ஊற்றுங்கள். நிழலில் வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை அதே இடத்துத் தண்ணீரைப் புதிதாகக் கொண்டுவந்து மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் லேசான எண்ணெய் ஆவியாகி, இரண்டு குடுவையும் ஒன்று போல ஆகிவிடும்.

லென்ஸ் வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு முட்டைக்குள்ளும் மணல் அளவுக் கரு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். தொட்டிலில் புரள்கிற மாதிரி, நிற்காமல். சில நாளில் ஓடு தெரியும், ஒரு வாரம் பத்து நாளில் குஞ்சு வெளியே வரும். சுற்றுவது எந்த நாளில் நின்றது, எத்தனை பொரித்தது, எத்தனை வெளுத்துப் போயிற்று என்று இரண்டு குடுவைக்கும் எழுதுங்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வந்தால் இதை அவர்களிடம் விட்டுவிடலாம். நம்மைவிட ஒழுங்காகச் செய்வார்கள்.

கணக்கைப் படிப்பது

மேல்வாய்க்காலில் இரண்டு கட்சியும் இருந்து, கீழே செவுள் நத்தை மட்டும் காணோம், ஃபைசா மட்டும் கொழிக்கிறது என்றால் அவசரப்பட்டு எண்ணெய் மேல் பழி போடாதீர்கள். அது பெரும்பாலும் சாக்கடையின் கையெழுத்து. ஆக்சிஜன் தீர்ந்த தண்ணீரில் மேலே வந்து காற்றுக் குடிப்பவர் மட்டும் பிழைத்துக்கொள்கிறார்.

காற்றுக் கட்சி குறைந்து, மிச்சம் இருப்பவையும் தண்டில் ஏறிக்கொண்டு, குச்சிச் சோதனையிலும் படலம் ஒன்றுசேர்ந்தால் புதிய எண்ணெய். மேலே ஒன்றும் தெரியவில்லை, காற்று நத்தைகள் திரும்ப வந்துவிட்டன, ஆனால் பெல்லாமியாவும் மெலனாய்டிஸும் வரவே இல்லை என்றால் சேற்றைக் கிளறிப் பாருங்கள். ஒரு கை சேற்றைப் பாட்டிலில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தால், பழைய எண்ணெய் இருந்தால் மேலே மினுங்கும். மூடியைத் திறந்தால் ஷெட் வாசனை அடிக்கும். இரண்டு கட்சியுமே ஒரே வாரத்தில் போய்விட்டது என்றால் வயலில் மருந்து அடித்தார்களா என்று அக்கம்பக்கம் விசாரித்துவிட்டு மேலே போங்கள்.

நத்தையையும் மற்ற நீர்ப்பூச்சிகளையும் வைத்து மதிப்பெண் போடும் முறை ஒன்று பிரிட்டனில் உருவானது. அதில் மாசைத் தாங்காத உயிருக்கு மதிப்பெண் அதிகம்: பெல்லாமியாவின் குடும்பத்துக்கு 6, லிம்னியா, ஃபைசா குடும்பங்களுக்கு 3. நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் அதைத் தழுவிப் பயன்படுத்துகிறது. கற்றுக்கொள்வது நல்லதுதான். ஆனால் அது சாக்கடை மாசை அளப்பதற்காக வந்தது. எண்ணெய்க்கு அதை மட்டும் நம்ப வேண்டாம்.

யாரிடம் சொல்வது

நத்தைக் கணக்கு மட்டும் இருந்தால் அதிகாரிகள் சிரித்து அனுப்பிவிடலாம். சந்தேகம் உறுதியான அன்றே தண்ணீர் மாதிரியும் எடுங்கள். கண்ணாடிப் பாட்டில்தான் வேண்டும். பிளாஸ்டிக்கில் எண்ணெய் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். மற்ற சோதனைகளுக்குச் செய்வது போலப் பாட்டிலை அந்தத் தண்ணீராலேயே முதலில் அலசக் கூடாது, காரணம் அதேதான். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள். ஏரி, ஆற்றில் விடும் கழிவுநீரில் எண்ணெயும் கிரீஸும் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதியில் உள்ள பொது வரம்பு. அது கழிவு வந்து விழும் இடத்துக்கான வரம்பு என்பதால், மாதிரியைக் குழாய் வாயில் எடுத்தால்தான் பேச முடியும். மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் மனு கொடுக்கும்போது மூன்று மாத நோட்டின் நகல், தேதி போட்ட போட்டோ, ஆய்வக முடிவு மூன்றையும் சேர்த்து வைத்து, கையோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த ஏரி நத்தையைக் கறிக்கு எடுப்பவர்கள் இருந்தால் அவர்களிடமும் சொல்ல வேண்டும். மூலத்துக்கு நல்லதென்று வாங்கிப் போகிறவர்கள் நிறைய. எண்ணெயில் உள்ள சில நச்சுப் பொருள்களை நத்தையால் சீக்கிரம் செரித்து வெளியேற்ற முடியாது, சதையிலேயே தங்கிவிடும். கொதிக்க வைத்தாலும் போகாது.

எண்ணி முடித்த நத்தைகளை எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். பாவம் பார்த்து நல்ல குளத்துக்கு மாற்ற நினைக்காதீர்கள். அவற்றோடு புழுவும் ஃபைசாவும் சேர்ந்தே போகும். வீட்டுக்கு வந்ததும் வலை, சல்லடை, பூட்ஸ் எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயப் போடுங்கள். கொசுவலைக் கண்ணில் கடுகளவுக் குஞ்சு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும், அடுத்த ஏரியில் உங்கள் கணக்கே தப்பாகிவிடும்.